சீட்டு இல்லாமல் செய்த இரண்டு பற்கள்

இருபத்தாறு வருடங்களாக ஊராருக்குப் பல் செய்து கொடுத்தவர் அவர். ஆனால் அந்தப் பற்கள் போய்ச் சேர்ந்த முகம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. மருத்துவர்கள் நோயாளியின் வாயை அளவெடுத்துப் பட்டறைக்கு அனுப்புவார்கள். கூடவே ஒரு சீட்டு வரும். எந்தப் பல், என்ன நிறம், என்றைக்கு வேண்டும், பல்லின் மேல் மாட்டும் கேப்போடு வேறென்ன செய்து தர வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அந்த அளவில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றிப் பல்வரிசைக்கு அச்செடுப்பார்கள். அந்த அச்சின் மேல் பீங்கான் கேப் செய்து, டப்பாவில் வைத்து அனுப்பினால் அவர் வேலை முடிந்தது. சீட்டில் இல்லாததைத் தொடமாட்டார். பட்டறையில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர்.

மாஸ்டருக்கு ஒரே தங்கை, அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குச் சகலமும் அவர்தான். அவளுடைய முன்பற்களுக்கு இரு பக்கமும் இருந்த பற்கள் அரிசி மணிபோல் சிறுத்து, இடைவெளி விட்டுக் கோணலாக நின்றன. சிரிப்பு வந்தால் முதலில் கைதான் வாய்க்குப் போகும். பெரிய கம்பெனி ஒன்றில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை கிடைத்தபோது, "குரலுக்குப் பல்லு தெரியாதுல்ல அண்ணா," என்று சிரித்தாள். அப்போதும் கையை எடுக்கவில்லை.  யார் யாருக்கோ பல் செய்கிறேன், இவளுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று அந்தக் கையைப் பார்த்து எத்தனை நாள் மருகியிருப்பார்.

முப்பது வயதில் அவள் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டாள். ஒன்றரை வருடம் பொறுத்தாள். கம்பியைக் கழற்றும் வாரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கம்பெனியின் விளக்க வீடியோக்களில் முகம் காட்டிப் பேச ஆள் தேடுகிறார்கள். குரலை வைத்தே அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஐந்து வாரம் கழித்துக் கேமரா முன்னால் பேசிக் காட்ட வேண்டும்.

அதற்குள் அந்தச் சின்னப் பற்களுக்குக் கேப் போட்டுவிட வேண்டும் என்றார் மாஸ்டர். கம்பி கட்டிய டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"கம்பி கழட்டின பல்லு உடனே நிக்காது மாஸ்டர். ஆறு மாசமாவது ரீட்டெய்னர் போட்டு, அது இடத்துல உக்காந்த பிறகுதான் கேப். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ரீட்டெய்னர் என்பது பல் பழைய இடத்துக்கே ஓடிவிடாமல் பிடித்து வைக்கும், கண்ணாடி போன்ற உறை. மாஸ்டர் கையால் ஆயிரக்கணக்கில் செய்தது.

"தெரியும் டாக்டர். ஆனா அவளுக்கு இப்படி ஒரு நாள் திரும்ப வராது. நானே செய்யறேன். என் தங்கச்சிக்கு நான் தப்பா செய்வேனா?"

டாக்டரம்மா இறங்கி வந்தார். இரண்டு வாரம் ரீட்டெய்னர் போட வைத்தார். பிறகு அந்தச் சின்னப் பற்களைத் தேய்த்து, அளவெடுத்து, தற்காலிகக் கேப் மாட்டினார். "பழைய ரீட்டெய்னர் இதுமேல ஏறாதும்மா. பட்டறையில புதுசு செஞ்சு தருவாங்க," என்று தங்கையிடம் சொன்னார். பிறகு சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். மாஸ்டர் அவர் கையிலிருந்து அளவை வாங்கிக்கொண்டார்.

"வீட்டு வேலைக்கு எதுக்கு டாக்டர் சீட்டு? எல்லாம் என் மனசுல இருக்கு."

நாலு நாளில் முடிகிற வேலை. அவர் பதினாறு நாள் எடுத்துக்கொண்டார். நிறத்தை ஒன்பது முறை மாற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஈரத்தில் பார்த்தார், பிடிக்காமல் உடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

மாவு ஊற்றுகிறவர் கேலி செய்தார். "மாஸ்டர், நீங்க முடிக்கறதுக்குள்ள உங்க தங்கச்சிக்குப் பல் செட்டே கட்ட வேண்டி வந்துடும்."

"சும்மா இருய்யா. நீ மாவைப் பாரு."

அச்சின் மேல் அந்தக் கேப்புகள் அங்கேயே முளைத்த பற்களைப்போல் உட்கார்ந்தன. கேமராவுக்கு முந்தின நாள், சட்டைப் பையில் டப்பாவோடு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பல் ஒரு வாயில் ஏறுவதைப் பார்க்க அவர் தங்கையோடு டாக்டரம்மாவிடம் போனார்.

இடது கேப் பாதியில் நின்றது. வலது கேப் உள்ளேயே போகவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பல்லு நகர்ந்திருக்கு. புது ரீட்டெய்னர் போட்டியாம்மா?"

"அண்ணா தரலையே டாக்டர். வேணும்னா தந்திருப்பாங்கன்னு இருந்துட்டேன்."

"ரீட்டெய்னர்னு நான் சீட்டுல எழுத வந்தப்போ..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா மாஸ்டரைப் பார்த்தார்.

சீட்டில் இல்லாத அந்த ரீட்டெய்னர் மாஸ்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாவு அச்சில் பல் பதினாறு நாளும் அசையாமல் நின்றது. உயிருள்ள பல் அப்படி நிற்குமா? அவர் அழகு பார்த்துக் கழித்த ஒவ்வொரு நாளும் அது ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது.

"கொஞ்சம் தேய்ச்சு ஏத்திடலாமா டாக்டர்?"

"கேப்பைத் தேய்ச்சா உடையும். பல்லை இன்னும் தேய்ச்சா நரம்பு போயிடும். மறுபடி கம்பிதான். நாலஞ்சு மாசம்."

"பழைய பல்லே இருக்கட்டும்னா?"

"தேய்ச்சாச்சே மாஸ்டர். அது வளராது."

 மங்கலான அந்தத் தற்காலிகக் கேப்புகளோடுதான் மறுநாள் தங்கை கேமரா முன் போனாள்.

சாயங்காலம் நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

"நல்லாத்தான் பேசினேன் அண்ணா. நடுவுல அங்க ஒருத்தர் ஏதோ தமாஷா சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. என் கை வாய்க்குப் போயிடுச்சு." தோள்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அப்பவே அவங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க."

"என்னால வந்ததும்மா."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

அவள் சொல்லியிருக்கலாம். திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

மேசைமேல் அச்சு இருந்தது. டப்பாவிலிருந்து இரண்டு கேப்புகளையும் எடுத்து அவளே அதன்மேல் வைத்தாள். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தன.

"இதுல எவ்வளவு அழகா இருக்கு," என்றாள்.

டாக்டர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த சீட்டுப் புத்தகம் ஒன்றை அவர் இழுத்து அவள் பெயரை எழுதினார். கீழே ரீட்டெய்னர் என்று எழுதி, அடிக்கோடு போட்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. இனிக் கம்பி கட்டி, கழற்றி, அதன் பிறகல்லவா அது. நிமிர்ந்து பார்த்தார். அவள் கை வாய்மேல் இருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.