ஃபெராபி மாளிகையில் காணாமல் போன வெள்ளிக் கரண்டி

டாப்ஸ்காட் பதினாலு வயதில் ஃபெராபி மாளிகைக்கு பூட்ஸ் துடைக்க வந்தவர். தேய்த்துத் தேய்த்தே பட்லராகிவிட்டார். பெண்டாட்டி இல்லை, வீடு இல்லை, முழங்கால் வலி மட்டும் உண்டு. சொத்து என்றால் நல்ல பெயர் ஒன்றுதான். பட்லரைத் திருடன் என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால், இங்கிலாந்தின் அந்த நார்ஃபோக் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவும் அவனுக்குத் திறக்காது.

அந்தப் பெயருக்குத்தான் அந்தக் கிறிஸ்துமஸில் சனி பிடித்தது.

கிறிஸ்துமஸ் மதியம் எஜமானர்களே வேலைக்காரர்களுக்குப் பரிமாறுவது அந்த வீட்டு வழக்கம். பெரிய மனசு! சர் லயனல் துரை ஏப்ரன் கட்டிக்கொண்டு வான்கோழிக் கறியை அள்ளி வைத்தார். பாதி தட்டில் விழுந்தது, பாதி சமையற்காரி புளக்ரோஸ் அம்மாள் மடியில். எச்சில் தட்டுகளையும் அவரே எடுத்துப் போனார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாமல் இருக்க முடியுமா?

சாயங்காலம் பார்த்தால் பாட்டனார் காலத்து வெள்ளிக் கரண்டியைக் காணோம்.

துரையின் மருமகன் செட்ரிக் துப்பறியும் கதைகளாகப் படித்துக் கெட்டுப்போனவன். "யாரும் வெளியே போகக் கூடாது!" என்று விருந்துக்கு வந்திருந்தவர்கள் முன்னால் கத்தினான். வெளியே முட்டளவு பனி. போகவும் யாருக்கும் ஆசையில்லை. பூதக்கண்ணாடியோடு கணப்புச் சாம்பலைக் கிளறினான், பூனையை முறைத்தான். கடைசியில் துரையையும் இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தான்.

"மாமா, பின்கதவுலேருந்து பன்றிக் கொட்டில் வரைக்கும் பூட்ஸ் தடம் போகுது. இந்த டாப்ஸ்காட்டோட பூட்ஸ்தான். அளந்து பார்த்துட்டேன்!"

"டாப்ஸ்காட், நீயா இப்படி?" என்றார் துரை.

புளக்ரோஸ் அம்மாள் கையிலிருந்த மாவைத் தட்டினாள். "ஏன் துரை, மத்தியானம் நீங்கதானே இவர் பூட்ஸை மாட்டிக்கிட்டு, பன்னிக்கு எச்சில் வாளியைத் தூக்கிட்டுப் போனீங்க?"

துரை முகம் பீட்ரூட் ஆனது. வாழ்நாளில் ஒரு தட்டு கழுவியிருந்தால்தானே கரண்டி வேறு, எச்சில் வேறு என்று தெரியும்? போய்ப் பார்த்தார்கள். தொட்டியில் கிடந்தது கரண்டி, பல் தடத்தோடு.

"அசட்டுத் துப்பு," என்றாள் புளக்ரோஸ் அம்மாள். செட்ரிக் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

துரை டாப்ஸ்காட்டைத் தனியே இழுத்தார். "விருந்தாளிங்ககிட்ட நீதான் எச்சில் வாளியில கைதவறிப் போட்டுட்டதாச் சொல்லிடு. வேலை அப்படியே இருக்கும்."

"சரிங்க துரை," என்றார் டாப்ஸ்காட். முப்பது வருஷமாக அதையே சொல்லிப் பழகிய வாய்.

விருந்து வேளைக்கு, விருந்தாளிகள் இருந்த கூடத்துக் கதவை டாப்ஸ்காட் திறந்தார். அதே கணீர்க் குரல். "சாப்பாடு தயார். வெள்ளிக் கரண்டி கிடைச்சாச்சு. துரை தன் கையாலேயே அதைப் பன்னிக்குப் பரிமாறியிருக்காங்க."

பாதிரியாரின் மனைவிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

"சூப்பை ஊத்து, டாப்ஸ்காட்," என்றார் துரை, மேஜையில் உட்கார்ந்ததும் தட்டைப் பார்த்தபடி.

வேலை போகவில்லை. நீக்கினால் ஏன் என்று ஊரே கேட்குமே! அடுத்த கிறிஸ்துமஸில் துரை பரிமாற வரவில்லை. இடுப்புப் பிடிப்பாம்.