எரிய விட்டு வந்த கிணறுகள்

அத்தா, அதாவது என் தகப்பனார், ரங்கூன் கப்பலிலிருந்து இறங்கி வீடு வந்து சேரும்போது, அவருக்கு முன்பாக அவருடைய வாடை வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வந்துவிடும். நாங்கள் விளக்குக்கு ஊற்றுகிற "சீமெண்ணெ"யின் வாடை அல்ல அது. அதைவிடக் கனமானது, தாரும் அழுகிய முட்டையும் கலந்தாற்போல் மண்ணுக்கடியில் நெடுங்காலம் மூடிக் கிடந்த ஏதோ ஒன்றின் வாடை. அம்மா அவர் சட்டைகளைச் சவுக்காரம் போட்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட்டாலும், அவர் விடுப்பு முடிந்து திரும்பிப் போன பிறகும்கூட, கொடிக்கயிற்றில் அந்த வாடை தங்கியிருக்கும்.

பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையில் ஓர் எண்ணெய்க் கிணற்றூரில் அவருக்கு வேலை. அந்த ஊரின் பெயர் கடைசிவரை என் நாவில் சரியாக நுழையவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கோரிப்பாளையத்துக்கு வருவார். தர்காவுக்குப் பின்னால் இருந்த சந்தில் எங்கள் வீடு. அம்மா, நான், சின்னம்மா ஜைத்தூன், மூன்றே பேர். சின்னம்மாவைக் கட்டியவர் அத்தாவின் தம்பி காசிம். நான் "சின்னத்தா" என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி நாற்பதாவது நாள் அண்ணனோடு கப்பலேறியவர் அவர். அவர் எழுதும் கடிதங்களைப் பக்கத்து வீட்டு மாமாதான் படித்துச் சொல்வார். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், "மைமூனுக்கு ஒரு கிள்ளு" என்று ஒரு வரி இருக்கும். சின்னம்மா உடனே என் கன்னத்தைக் கிள்ளி அந்தக் கிள்ளை என்னிடம் ஒப்படைப்பாள்.

விடுப்பில் வந்தால் அத்தா அந்த ஊரைப் பற்றிச் சொல்லுவார். மலைச்சரிவு முழுக்க மரக் கோபுரங்கள் நிற்குமாம், ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு கிணறாம். "ஆத்துல எண்ணெ ஏடு கட்டி மெதக்கும். மீனப் புடிச்சுக் கொழம்பு வச்சா கொழம்பெல்லாம் அந்த வாடைதேன். ஓடைக்கரையில ஒரு மரம் நிக்காது" என்பார். அந்த ஊர்க்காரர்களில் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கயிற்றில் இறங்கிக் கையாலேயே எண்ணெய் அள்ளி வந்தவர்கள். கம்பெனி பக்கத்தில் இயந்திரத்தை வைத்து ஆழமாகத் துளைத்ததும் அவர்கள் கிணறுகள் வற்றிவிட்டன. கம்பெனி துரையைத் தொட முடியாதவர்கள், குறைந்த கூலிக்கு வந்து நின்ற நம் ஆட்களின் குடிசைகள் மேல் பாய்ந்தார்கள். ஒரு கலவரத்தில் அத்தா மூன்று நாள் காலிப் பீப்பாய்களுக்கு நடுவில் ஒளிந்து கிடந்திருக்கிறார். "எண்ணெயக் கொண்டு போனவன் வேற, அடி வாங்குனது நாங்க" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் திரும்பவும் அங்கே போகப் போகிறார் என்பது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது.

எனக்கு ஒன்பது வயதாகும்போது ரங்கூனில் குண்டு விழுந்த சேதி வந்தது. கடிதங்கள் நின்றன. பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் ஊரில் யாராவது இருப்பதாகக் கேள்விப்பட்டால், அம்மாவும் சின்னம்மாவும் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். வந்தவர்களில் சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் காட்டு வழியில் கண்ட பிணங்களைப் பற்றிப் பேசத் தொடங்கி என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டு, ஆகாயத்தில் பருந்து வட்டமிட்டாலும் விமானமென்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் சீமெண்ணெய்க்குப் பஞ்சம் வந்தது. எண்ணெய் டிப்போவின் முன் காலையிலேயே வரிசை நிற்கும். ஆளுக்கு ஒரு சீசா, அதுவும் இருந்தால்தான். சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பாள். கதவு திறந்ததும் பின்னாலிருந்து கூட்டம் முட்டும். பெரியவர்களின் இடுப்புகளுக்கிடையில் மூச்சு முட்டி நான் அலறிய நாட்கள் உண்டு.

ஆனி மாதத்தில் ஒரு நண்பகல், எங்கள் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்து, கால்களில் கிழிந்த சாக்கைச் சுற்றியிருந்தார். பக்கீர் என்று நினைத்துச் சின்னம்மா ஒரு கை அரிசியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ஜைத்தூனு, நாந்தாம்மா" என்றார்.

சின்னம்மாவின் கையிலிருந்து அரிசி சிந்தியது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்: "அவுக எங்க மச்சான்?"

அத்தா சந்தின் முனையைத் திரும்பிப் பார்த்தார். "பின்னால வாரான்" என்றார்.

அன்றிலிருந்து சின்னம்மா தினமும் தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு, வரப்போகிறவருக்கு என்று ஒரு தட்டுச் சோற்றைத் தனியே மூடி வைத்தாள். நாங்களும் நம்பினோம். அத்தா மட்டும் அந்தத் தட்டு இருக்கும் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டார்.

எனக்கோ அத்தாவைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. வந்த முதல் நாள் அந்திக் கருக்கலில் அம்மா சிம்னி விளக்கை ஏற்றியதும், படுத்திருந்தவர் பாய்ந்து எழுந்து அதை வாயால் ஊதி அணைத்தார். கண்ணாடி சுட்டு உதடு வெந்தது, அதை அவர் உணர்ந்ததாகவே தெரியவில்லை. மறுநாளும் அப்படியே. வீட்டில் விளக்கு என்ற பேச்சே கூடாது என்றார். தெருவெல்லாம் எண்ணெய் இல்லாமல் இருண்டு கிடந்தது, எங்கள் வீடோ எண்ணெய் இருந்தும் இருண்டு கிடந்தது. அந்தியில் மஃரிபு தொழுகை முடிந்த பிறகு நாங்கள் தடவித் தடவி நடப்போம். மூலையில் அவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும். என்னை அவர் தொட வந்தால் நான் அம்மாவின் முந்தானைக்குள் பதுங்குவேன். அதைப் பார்த்து அவர் கையை எடுத்துக்கொள்வார்.

ஒரு நாள் டிப்போவில் நெரிசல் அதிகம். சின்னம்மாவின் வளையல்கள் உடைந்து முழங்கை வரை ரத்தம் வழிந்தது. ஆனாலும் சீசாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். முற்றத்தில் உட்கார்ந்திருந்த அத்தா எழுந்து வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கினார். முகர்ந்து பார்த்தார். பிறகு சாக்கடையில் கவிழ்த்தார்.

மூத்தாருக்கு முன் குரல் உயர்த்தி அறியாத சின்னம்மா அன்று கத்தினாள். "அவுக வந்தா இருட்டுக்குள்ளயா ஒக்கார வைப்பேன்? சொல்லுங்க மச்சான்! பின்னால வாரான், பின்னால வாரான்னா எம்புட்டுப் பின்னால?"

அத்தா சாக்கடையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சொன்னார், சாக்கடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சப்பான்காரன் கைக்கு ஒரு சொட்டு போகக் கூடாதுன்னு உத்தரவு. கெணத்துக்குள்ள இரும்பு, சிமிட்டி, கையில கெடச்சதெல்லாம் போட்டு அடைச்சோம். கடேசியா எண்ணெத் தொட்டிக. தொறந்துவிட்டுப் பத்தவைக்கணும். முடிச்சவுகளுக்கு லாரியில எடம்னு சொன்னாக. எங்க தொட்டிக்கு நாந்தேன் சக்கரத்தத் திருகுனேன்."

அம்மா என்னை உள்ளே இழுத்தாள். நான் கதவைப் பற்றிக்கொண்டு நகரவில்லை.

"வழியில குடிக்கணுமேன்னு காசிம ஓடைக்குத் தண்ணி எடுக்க அனுப்பியிருந்தேன். எண்ணெ அந்த ஓடை வழியாத்தேன் எறங்கும், எனக்குத் தெரியும். அவன் வந்த பொறகு பத்தவைங்கன்னு சொல்லிட்டுத்தேன் திருகுனேன். பத்தவைக்கச் சொல்லி மேலருந்து விசில் அடிச்சுட்டாக. ஒருத்தரும் ஓடையப் பாக்கல." அவர் சாக்கடையில் மிதந்த எண்ணெயைக் கைகாட்டினார். "தண்ணி எரிஞ்சுச்சு, ஜைத்தூனு. தண்ணி எரிஞ்சுச்சு. லாரியில சாமான ஏத்துனாக, எங்களுக்கு எடமில்லன்னுட்டாக. நான் நடந்தே வந்தேன்."

பிறகு சின்னம்மா மெதுவாகக் கேட்டாள்: "நீங்க திருகலேன்னா?"

"வேற எவனாச்சும் திருகியிருப்பான்."

"வேற எவனாச்சும் திருகியிருந்தா, நான் ஒங்க மொகத்தப் பாத்திருப்பேன்ல மச்சான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்ப் பூவை எடுத்துப் போட்டுவிட்டு, கைம்பெண் வெளியே வராமல் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் "இத்தா"வில் உட்கார்ந்தாள். அது முடிந்த அன்று பழங்காநத்தத்திலிருந்து அவள் தகப்பனார் வந்து வண்டியில் அழைத்துப் போனார். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கன்னத்தைக் கிள்ளினாள். அத்தா நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை.

தண்ணீர் எரியும் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். குடத்திலிருந்து மொண்டு குடிக்கப் பயம், மேலே தண்ணீர் ஊற்றிக் குளிக்கப் பயம். அடுப்பெரியும்போது பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருந்தால் தூரத் தள்ளி வைப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் பிற்பகல், அம்மாவின் தீப்பெட்டியை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டு வைகைக்குப் போனேன். மணலுக்கு நடுவே முழங்கால் அளவுக்கு ஒரு குட்டை கிடந்தது. தூரத்தில் சலவைத் தொழிலாளிகள் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் தண்ணீரும் எரியுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு குச்சியைக் கிழித்தேன். காற்றில் அது அணைந்தது. இரண்டாவது குச்சியைக் குட்டையை நோக்கி நீட்டியபோது பின்னாலிருந்து ஓர் ஓலம் கேட்டது.

என்னைத் தேடிக் கிளம்பியிருந்த அத்தா மணலில் விழுந்தடித்து ஓடி வந்தார். என்னைத் தூக்கிக் கரைப் பக்கம் எறிந்தார். எறிந்த வேகத்தில் அவரே குட்டைக்குள் விழுந்தார். என் கையிலிருந்த குச்சி அவருக்கு முன்னால் தண்ணீரில் விழுந்தது. "சுர்"ரென்று ஒரு சத்தம். ஒரு நூல் புகை. அவ்வளவே.

அவர் இடுப்பளவு நனைந்தபடி அந்தக் கருகிய குச்சி மிதப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னொண்ணு போடும்மா" என்றார்.

போட்டேன். அணைந்தது. "இன்னொண்ணு" என்றார். தீப்பெட்டி கிடைப்பதே அரிதாயிருந்த அந்தக் காலத்தில், ஒரு பெட்டிக் குச்சியையும் ஒவ்வொன்றாகக் கிழித்து நான் தண்ணீரில் போட்டேன். ஒவ்வொன்றும் அணையும்போது அவர் தலையை ஆட்டினார். பெட்டி காலியானதும் குட்டையில் முகத்தைக் கழுவிக்கொண்டு என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் பர்மாவிலிருந்து வந்தபின் நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் உடம்பில் அந்தப் பழைய வாடை அறவே இல்லை.

அந்த வாரம் வீட்டில் ஆமணக்கெண்ணெய் ஊற்றி ஓர் அகல் ஏற்றினோம். சீமெண்ணெய் மட்டும் அவர் இருந்தவரை எங்கள் வாசலுக்குள் வரவில்லை. கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கிப் பிழைத்தார். போர் முடிந்தபின், அங்கே செத்துப்போனவர்களின் பட்டியல் ஏதோ தயாராகிறது என்று கேட்டு மனு எழுதிப் போட்டார். காசிம், மேஸ்திரி வேலைக்கு வைத்த ஆளாம், கம்பெனி ஆள் இல்லையாம். ஆகையால் பட்டியலில் பெயரே கிடையாது என்று பதில் வந்தது. அழிக்கப்பட்ட கிணறுகளுக்கு ஈடு யார் கொடுப்பது என்று பெரிய மனிதர்கள் சீமையில் வழக்காடிய சேதியைப் பின்னாளில் பத்திரிகையில் படித்தேன். கிணறுகளுக்குக் கணக்கு இருந்தது.

சின்னம்மாவை மறுபடி கட்டிக்கொடுத்தார்கள். அத்தா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. வர வேண்டாமென்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள். அவளுக்கு முதல் ஆண் பிள்ளை பிறந்து, அதற்குக் காசிம் என்று பெயர் வைத்திருப்பதாக அம்மா வந்து சொன்ன அன்று, அத்தா கடைக்குப் போகாமல் சுவரோரம் திரும்பிப் படுத்திருந்தார்.

இன்று நான் கே.கே. நகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். கோரிப்பாளையத்துச் சந்து இருந்த இடத்தில் செருப்புக் கடைகள். டிப்போவும் வரிசையும் போயின. சிம்னி விளக்கு என்றால் என் பேத்திக்கு என்னவென்று தெரியாது. அத்தாவும் அம்மாவும் சின்னம்மாவும் மண்ணுக்குப் போய் எத்தனையோ ஆண்டுகளாகின்றன. கிழக்கே வயல்களில் எண்ணெய்க்குக் குழாய் இறக்கப் போவதாகவும், பெண்கள் வரப்பில் உட்கார்ந்து மறிப்பதாகவும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். அந்தப் பெண்களின் மடியில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

பெருநாளன்று காலையில் மட்டும் தவறாமல் பழங்காநத்தத்திலிருந்து ஒரு போன் வரும். "அக்கா, நான் காசிம் பேசுறேன்" என்பார் சின்னம்மாவின் மகன். அவருக்கே எழுபது வயது. பதில் சொல்ல எனக்குச் சற்று நேரமாகும். "கேக்குதா அக்கா?" என்பார். கேட்கிறது என்பேன்.