வெள்ளிக்கிழமை வந்த அமெரிக்கர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையின் கேன்டீன் காண்ட்ராக்ட் என்னுடையது. அமெரிக்க கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றதும் அட்மின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, பன்னிக்கறி, கோழி, ரொட்டி. அவ்ளோதான். நம்ம கொழம்பு வாசனையே வரக்கூடாது. அவங்க சாப்டாம எழுந்துக்குனு போனாங்கன்னா, உன் காண்ட்ராக்டு இந்த மாசத்தோட க்ளோஸ்."

என்னை நம்பிச் சமையற்கட்டில் ஏழு பெண்கள் இருக்கிறார்கள். சொன்னபடியே எல்லாம் வரவழைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேர் வந்து இறங்கினார்கள். டீயை நானே கொண்டுபோனேன். தலைமை அதிகாரி யூசுஃப், கறுப்பினத்தவர். தண்ணீர்கூட வேண்டாம் என்றார். ரம்ஜான் மாதம், எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் மரியா என்ற பெண். கழுத்தில் மாதா படம் போட்ட செயின். கத்தோலிக்கரான எனக்கே அன்று தவக்கால வெள்ளி, கறி கிடையாது.

ஒடிசா, பீகார், ஆந்திரா என்று எங்கிருந்து புது ஆள் வந்தாலும் முதல் நாளே "இன்னா சாப்டுவ, இன்னா சாப்டமாட்ட?" என்று கேட்பது என் வழக்கம். இவர்களை மட்டும் எதற்கு விடவேண்டும்? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். மேனேஜர் முறைத்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

யூசுஃபின் தாத்தா பாதிரியாராம். அப்பா காலத்தில் இஸ்லாத்துக்கு வந்த குடும்பம். மரியாவின் பெற்றோர் மெக்சிகோவிலிருந்து போனவர்கள். வீட்டில் ஸ்பானிஷ்தான் பேச்சு. இன்று கறி ஆகாது, மீன் ஆகும், காரம் தூக்கலாக வேண்டும் என்றார். வெள்ளைக்காரர் ஒருவர்தான், பால் என்று பெயர். அவர் போகும் சபையில் பலரும் சைவமாம், அவரும் அப்படியே.

மேனேஜரும் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டார். ஆக, சென்னையிலிருந்து ஐஸ்பெட்டியில் வந்த பன்றிக்கறியைத் தின்ன அந்த மேசையில் ஆளே இல்லை!

"இப்ப இன்னாம்மா பண்றது?" மேனேஜருக்கு வியர்த்துவிட்டது.

"நீங்க பேஜாராவாம போங்க சார்."

மரியாவுக்குப் பழவேற்காட்டு மீன் வாங்கிவரச் செய்து குழம்பு வைத்தேன். பாலுக்குத் தொழிலாளர் பந்தியின் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். இரண்டு பேரும் மறுசோறு வாங்கினார்கள். ஆடிட் மீட்டிங் பொழுது சாயும்வரை இழுத்தது. எங்கள் சமையற்கட்டு ஷகிலா, "ஊட்டுல தெனம் காச்சறதுதானேக்கா" என்று நோன்புக்கஞ்சி காய்ச்சினாள். நோன்பு திறக்கும் நேரம் ஆனதும் பேரீச்சம்பழத்தோடு யூசுஃப் முன்னால் வைத்தேன். அவர் எழுந்து நின்று நன்றி சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் மேனேஜர் ரினியூவல் பேப்பரை எடுத்தார். நான் ஒரு கண்டிஷன் போட்டேன்.

"இனிமே யாரு வந்தாலும் மெனுவ நீங்க சொல்லாதீங்க சார். எந்த நாடுன்னு தெரிஞ்சா ஏர்போர்ட்டுக்குக் காரு அனுப்பலாம். ஒலை வெக்க அது பத்தாது."

அதையும் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.