வளைவில் ஒரு ‘லைன் கிளியர்’

கோலாலம்பூரின் நடுத் தெருக்களிலேயே கார்ப் பந்தயம், அடுத்த பருவத்தின் அட்டவணையில் நம் நகரமும் சேர்ந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் நான் தேடியது தேதியை. என் மனைவி கேட்டது வேறு.

“மார்ஷல் எடுக்கிறாங்களா?”

இந்த வட்டாரத்துக்குக் கார்ப் பந்தயம் புதிதல்ல. முன்பு பத்து தீகா பந்தயத் திடல், பிறகு சிப்பாங். இரண்டுமே நகரத்துக்கு வெளியே. கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் என் மனைவி, சிப்பாங்கில் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் மார்ஷலாக நின்றவள். கொடி காட்டுவது, மோதி நிற்கும் காரை அப்புறப்படுத்துவது, சிதறியதைப் பெருக்குவது அவர்கள் வேலை. புதிய தெருப் பந்தயத்தில் ஒரு வளைவுக்கு அவளையே தலைவியாகப் போட்டார்கள். அதே வளைவில் எனக்குக் கிடைத்தது துடைப்பம்.

“அங்கிள் வீட்டுலயும் பெருக்குவாரா ஆன்டி?” என்று கேட்டாள், கொடி பிடிக்க செராஸிலிருந்து வந்திருந்த பெண்.

“வீட்டுல தொடக்கூட மாட்டாரு. இங்க யூனிஃபார்ம் கொடுத்திருக்காங்க லா, அதான்.”

வேலைக்குப் போகும் வழியில் எத்தனையோ ஆண்டுகள் நான் நெரிசலில் நகராமல் கிடந்த தெரு அது. அதை ஒரே வாரத்தில் பந்தயப் பாதையாக்கியதை இன்னமும் வியக்கிறேன். இரு பக்கமும் கான்கிரீட் சுவர், அதன்மேல் கம்பிவலை. சாக்கடை மூடிகளை ஒவ்வொன்றாக வெல்டிங் வைத்து இறுக்கினார்கள். இல்லாவிட்டால் வேகமாகப் போகும் கார் மூடியை உறிஞ்சித் தூக்கிவிடுமாம்.

சனிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தில் ஒரு கார் எங்கள் சுவரில் மோதியது. ஓட்டுநருக்கு ஒன்றுமில்லை. காரைத் தூக்கினார்கள், நாங்கள் பெருக்கினோம். என் மனைவி சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நடந்து பார்த்துவிட்டு, வாக்கி-டாக்கியில் கண்ட்ரோல் அறைக்குச் சொன்னாள்: “லைன் கிளியர்.”

கார்களை மெதுவாகப் போகச் சொல்லும் மஞ்சள் கொடியை இறக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. மறுபடியும் சொன்னாள். அப்போதும் வரவில்லை. மிச்சப் பயிற்சி முழுவதும் கார்கள் எங்கள் வளைவில் ஊர்ந்தே போயின. பந்தயக் குழுக்கள் கோபப்பட்டன. மாலையில் சேதி வந்தது: நாளை அந்த வளைவுக்கு வேறு ஆள்.

அவள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அடுத்த ஸ்டேஷன்வரை தண்டவாளம் காலி என்றால் ‘லைன் கிளியர்’. அது குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குள்ளும் வந்து, குளியலறை காலியானாலும் லைன் கிளியர், அப்பா வெளியே போய்விட்டாலும் லைன் கிளியர் என்றாகிவிட்டது. பந்தயக்காரர்களுக்கோ ‘லைன்’ என்பது வளைவில் கார்கள் பிடித்துப் போகும் தடம் மட்டும். கண்ட்ரோல் அறையின் தலைவர் வெளிநாட்டுக்காரர். தடம் மட்டும் சுத்தம், ஓரத்தில் இன்னும் துண்டுகள் கிடக்கின்றன என்று எடுத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை நிக்கணும்னுதானே இவ்வளவும். நான் போய் கேக்கிறேன்” என்றாள். நானும் போனேன்.

அன்றிரவு மார்ஷல்கள் எல்லாரும் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து, வார்த்தை மாறிப்போனது உண்மை, சாலை சுத்தமாக இருந்ததும் உண்மை என்று சொன்னாள். முன்னால் நின்ற கண்ட்ரோல் அறைத் தலைவர் வாதாடவில்லை. எங்கள் வளைவின் கேமரா பதிவைப் போடச் சொன்னார். காலியான சாலையில் அவள் குனிந்து குனிந்து நடப்பது தெரிந்தது. பிறகு அறையைப் பார்த்து, இங்கே வேறு யார் ‘லைன் கிளியர்’ என்று சொல்லுவீர்கள் என்று கேட்டார். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பாதி அறை கையைத் தூக்கியது.

“பாஸ், எங்க மாமியாரும் அப்படித்தான் சொல்லுவாங்க!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு சுங்கை பூலோக்காரர் தமிழிலேயே கத்தினார். புரியாமலே அந்த மனிதரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் தெளிவாகச் சொன்னார்: நாளை முதல் எல்லாரும் ‘டிராக் கிளியர்’ என்றே சொல்ல வேண்டும், அந்த வளைவில் இந்த அம்மாவே நிற்பார். தான் போட்ட உத்தரவை அத்தனை பேர் முன்னிலையில் அப்படித் திரும்பப் பெற்றவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “எல்லாரும் கையைத் தூக்கினாங்க. நீங்க ஏன் தூக்கல?”

“பயத்துல மறந்துட்டேன்.”

“எனக்கே இல்லாத பயம் உங்களுக்கா?”

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் எங்கள் வளைவில் யாரும் மோதவில்லை. கட்டிடங்களுக்கிடையே கார்களின் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர, அவள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிராமல் நின்றாள். பந்தயம் முடிந்து கார்கள் மெதுவாக வரும் கடைசிச் சுற்றில், மார்ஷல்கள் இருக்கிற கொடிகளையெல்லாம் ஆட்டுவது வழக்கம். அவள் இரண்டு கைகளாலும் ஆட்டினாள். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகக் கையசைத்துப் போனார்கள்.

“யார் யார் கையசைச்சாங்கன்னு எழுதி வச்சுக்கட்டுமா?” என்றேன்.

“பேசாம இருங்க. இன்னும் ஒரு கார் வரணும்.”