மூன்று கட்டை இறக்கிய கீபோர்டு

கடலூரில் எங்கள் பங்குக் கோயில் ஹாலில், கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு மதியம் குடும்ப டான்ஸ் நடக்கும். பிரியாணி ஆனதும் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கணவனும் மனைவியுமாக ஆடுவார்கள். புதுச்சேரியில் பெண் எடுத்தவர்கள் கொண்டுவந்த பழக்கம். பன்னிரண்டு வருஷமாக அதற்கு வாசித்தது நான் ஒருவன்தான். தாளத்தை கீபோர்டே போட்டுவிடும். வலது கையில் மெட்டு, இடது கையில் அதற்குத் துணையாக நாலைந்து கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் கார்டு, பாடும் வாயும் என்னுடையதே. கர்வம் இருந்தது. இல்லை என்றால் பொய்.

போன வருஷம் ஃபாதர் வந்தார். "அண்ணே, சிதம்பரத்துல இருந்து ஒரு நர்ஸ் பொண்ணு நம்ம பங்குக்கு வந்திருக்கு. கீபோர்டு வாசிச்சுப் பாடுதாம். பாதி நேரம் அது வாசிக்கட்டுமே, நீங்களும் ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்."

ரெஸ்ட் கேட்டேனா நான்? "தாராளமா ஃபாதர்" என்று பல்லைக் காட்டினேன்.

கீபோர்டு கோயிலுடையது. என் குரல் மேலே போகாது என்பதால் அதன் சுருதியை மூன்று கட்டை இறக்கி வைத்துத்தான் பாடுவேன். எழுந்திருக்கும்போது பழையபடி ஏற்றிவிட்டுப் போவதுதான் முறை. டான்ஸ் அன்று, பாதியில் அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டபோது ஏற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு ஃபாதரிடம் சொன்னேன். மறக்கவெல்லாம் இல்லை.

அவள் ஆரம்பித்தாள். முதல் வரி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. நான் நிம்மதியாக டீயை எடுத்தேன். வரி முடிந்த இடைவெளியில், தாளம் நிற்காமலே சுருதி ஏற்றும் பட்டனைத் தட்டினாள். அடுத்த வரி ஜிவ்வென்று மேலே ஏறியது. ஹாலே விசில் அடித்தது. வேண்டுமென்றே செய்த வித்தை என்று நினைத்துவிட்டார்கள்.

"யப்பா, எப்படித் தூக்குது பாரு!" என்றார் பக்கத்தில் ஒருவர்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். எனக்கு நடு ஹாலில் வைத்துச் சுட்டது.

அப்போது என் மனைவி எதிரே வந்து நின்றாள். "இன்னிக்குத்தான் உங்க கை சும்மா இருக்கே, வாங்க." அத்தனை வருஷமும் ஆடுகிறவர்களின் கைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தவள். போனேன். கால் சுற்றியதே தவிர, கண் அந்தப் பெண்ணின் இடது கையிலேயே இருந்தது.

"என் முதுகுல வாசிக்கிறத நிறுத்துங்க" என்றாள் மனைவி.

அப்போதுதான் கவனித்தேன். என் விரல்கள் அவள் முதுகில் கார்டு அழுத்திக்கொண்டிருந்தன. அதுவும் அந்தப் பெண் மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே.

நிறுத்தினேன். மனைவி சிரித்துக்கொண்டே சுற்றினாள். இவ்வளவு நன்றாக ஆடுவாள் என்றே எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்தது. அவள் என் கையை விடாமல், கீபோர்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "இன்னொரு பாட்டு போடும்மா!"

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் அவள் அப்படிக் கேட்டதில்லை.