மேலே இருந்த தெற்கு

1980 வைகாசியில் பேராசிரியர் இக்னேசியஸ் திருகோணமலையில் இருந்தார். இங்கிலாந்தில் அவர் விண்கலப் பொறியியல் கற்பித்த பல்கலைக்கழகம் ஒரு வருட ஆய்வு விடுப்புக் கொடுத்திருந்தது. அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர், உட்துறைமுக வீதியில் மனைவி சீலாவின் வீட்டுக் கூரையில் ஏறி அலுமினியக் குழாய்களை வளைத்துக் கட்டுகிறார் என்று அயலட்டை சிரித்தது.

அவருக்குக் கூரை புதிதல்ல. பதினெட்டு வயதில் அந்த ஊர்க் கடற்படைத் தளத்தின் வானொலிப் பட்டறையில் சேர்ந்தவர், கம்பங்களில் ஏறித்தான் தொழில் பழகினார். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துப் புறப்பட்டபோது, மேலதிகாரி ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பகலில் தொழிற்சாலை, மாலையில் படிப்பு. முப்பத்திரண்டாவது வயதில் பட்டம், நாற்பத்திரண்டில் பேராசிரியர் பதவி. மாணவருக்கு அவர் வைக்கும் பரீட்சையில் சரியான விடைக்குப் பாதிப் புள்ளிதான். அந்த விடை எங்கே பிழைக்கக்கூடும் என்று எழுதினால்தான் மீதிப் பாதி.

விண்ணில் சுற்றி மேகங்களைப் படம் பிடிக்கும் செய்மதிகள், கூரையில் ஓர் அன்ரெனாவும் கீழே ஒரு கருவியும் வைத்திருக்கிற எவரும் பெறக்கூடிய மாதிரி அந்தப் படங்களை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே போகின்றன. அவை ஒரு வள்ளக்காரனுக்காவது உதவுமா என்று பார்ப்பதுதான் அவருடைய ஆய்வு. காலையில் கடந்து போகும் செய்மதியின் படத்தைப் பார்த்து, மறுநாள் கடல் எப்படி இருக்கும் என்று ஒரு துண்டில் இரண்டு வரி எழுதி, குச்சவெளி பஸ் கொண்டக்டர் தங்கரத்தினத்திடம் கொடுத்துவிடுவார். அந்த மீன்பிடி ஊரில் ஜவாஹிர் சம்மாட்டியும் மற்றவர்களும் பதினொரு வள்ளம் வைத்திருந்தார்கள். மூன்று கிழமை அவர் சொன்னது எல்லாம் சரி வந்தது.

நான்காவது கிழமை ஒருநாள் காலையில் கரண்ட் இல்லை. அதனால் பின்னேரம் வரும் இன்னொரு செய்மதியின் படத்தை எடுத்தார். தென்கிழக்கில் பெரிய சுழல் மேகம். "மூன்று நாள் கடலில் இறங்க வேண்டாம்" என்று எழுதி அனுப்பினார். அன்றிரவு கரண்ட் ஏறி இறங்கியதில் கருவியில் ஓர் உறுப்பு எரிந்துபோக, அதைத் திருத்த இரண்டு நாள் பிடித்தது.

மூன்றாம் நாள் காலைப் படத்தில் அந்தச் சுழல் வடக்கே, ஆந்திரக் கரையோரம் நின்றது. தென்கிழக்கிலிருந்து இரண்டு நாளில் அவ்வளவு தூரம் போக ஏலாது. பழைய படத்தை எடுத்து மேசையில் வைத்துத் திருப்பினார். புதியதோடு பொருந்திற்று.

காலைச் செய்மதி வடக்கிலிருந்து தெற்கே போகும். பின்னேரத்தது தெற்கிலிருந்து வடக்கே வரும். அதன் படத்தில் தெற்குத்தான் முதலில் அச்சாகும், தாளின் மேல்பக்கத்தில். கரையை மேகம் மூடியிருந்ததால் அதைக் கொண்டு திசை பிடிக்க முடியவில்லை. சுழலையோ எப்படித் திருப்பினாலும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். பழக்கத்தில் அவர் தாளைத் திருப்பாமலே வாசித்துவிட்டார்.

"புயல் திசை மாறிப்போச்செண்டு சொல்லுங்கோவன். நம்புவினம்" என்றாள் சீலா.

"நம்புவினம். அதுதான் கரைச்சல்."

அடுத்த பஸ்ஸில் குச்சவெளிக்குப் போனார். வள்ளங்கள் கரையில் வரிசையாகக் கிடந்தன. கடல் மினுங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க சேர். புயல் பஸ்ஸத் தவற விட்டிட்டுதோ?" என்றார் ஜவாஹிர்.

"புயல் இந்தப் பக்கம் வரவேயில்லை. நான்தான் படத்தைத் தலைகீழாப் பார்த்திட்டன்."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த யோகலிங்கம் தலை நிமிர்ந்தார். "எனக்கு எழுத்துத் தெரியாது சேர். நானும் பேப்பரத் தலைகீழாத்தான் பிடிக்கிறனான். என்னை ஒருத்தரும் புறபெசர் எண்டு கூப்பிடயில்லையே!"

கரை முழுக்கச் சிரித்தது. ஜவாஹிர் மட்டும் சிரிக்கவில்லை.

"மூணு நாள், பதினொரு வள்ளம் சேர். பக்கத்துக் கரைக்காரன் மீன் அள்ளிக்கொண்டு வந்தான்."

"ஓம்." கரண்ட் நின்றதையோ கருவி எரிந்ததையோ அவர் வாய்திறந்து சொல்லவில்லை.

"இனி உங்கட துண்டு எங்களுக்கு வேணாம்."

இக்னேசியஸ் தலையசைத்தார். விடுப்பில் இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கருவியைக் கழற்றிப் பெட்டியில் போடுவதைத் தவிர வேறு வேலை அவருக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்குத் திரும்பியவரை ஜவாஹிர் கூப்பிட்டார்.

"துண்டுதான் வேணாம் எண்டனான். படத்த அனுப்புங்க. நாங்களும் பாக்கிறம்."

அன்றிலிருந்து படமே பஸ்ஸில் போனது. கரை எங்கே, குச்சவெளி எங்கே என்று சிவப்புப் பென்சிலால் கீறிய பிறகுதான் அவர் மேகத்தைப் பார்ப்பார். "எது தலை, எது கால் சேர்?" என்று தங்கரத்தினம் நாள் தவறாமல் கேட்பார்.

ஆடியில் ஒருநாள் படத்தில் கிழக்கே மேகம் திரண்டு நின்றது. பதினொரு வள்ளத்தில் ஏழு கரையில் நின்றன. நாலு போயின. ஜவாஹிருடையது அந்த நாலில் ஒன்று. மத்தியானம் நாலும் நனைந்து திரும்பின. ஜவாஹிரின் வலை பாதி கடலோடு போய்விட்டது.

பின்னேர பஸ்ஸில் தங்கரத்தினம் ஜவாஹிரின் செய்தியைக் கொண்டுவந்தார்.

"மேகம் தூரத்தில கிடக்கெண்டு நினைச்சாராம் சேர். எத்தினை மைல் எண்டும் இனிப் படத்தில போடட்டாம்."

இக்னேசியஸ் அளவுகோலை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார்.