கோழி குத்திய கை

அரியூர் நாட்டில் பாவாயி என்ற பெயரில் பல பேர் உண்டு. ஆனால் 'அடிக்கிற பாவாயி' என்று கேட்டால் ஒரே வீட்டுக்குத்தான் வழி காட்டுவார்கள். ரேஷன் கடையில் எடையைக் குறைத்தவனை அவள் அரிசி மூட்டையின் மேலேயே தள்ளி அடித்திருக்கிறாள். மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்டப் போய், கிழங்கு திருட வந்தவன் அகப்பட்டதும், பன்றியே மேல் என்று அவன் நினைக்கும்படி செய்து அனுப்பியிருக்கிறாள். புருஷன் உயிரோடு இருந்தவரை அவனும் வாங்கியிருக்கிறான். குடித்துவிட்டு வந்த நாட்களில் மட்டும்தான் என்பாள் அவள்; ஊர் வேறு மாதிரி சொல்லும். எல்லாம் வலது கையால். கதையும் அந்தக் கையைப் பற்றியதுதான்.

அவளுடைய கொழுந்தன் மாதேஸ்வரன், வடக்கே போர்வெல் போடப் போகிற ரிக் லாரியை வருஷக்கணக்காக ஓட்டியவன். அலுத்துப்போய் மலைக்குத் திரும்பி, பழைய பொலிரோ ஒன்றை வாங்கி, அருவி பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். வண்டி வாசல்வரை வர வழி வேண்டும். வழியில் பாவாயியின் பலாமரம் நின்றது. உச்சிவரை மிளகுக்கொடி ஏறி, காய் பிடித்திருந்த மரம். அண்ணன் செத்து வருஷம் திரும்பவில்லை. பாவாயி சந்தைக்குப் போன ஒரு நாள் பார்த்து மாதேஸ்வரன் மரத்தைச் சாய்த்துவிட்டான். பங்கு பிரிக்காத நிலம்தானே, கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவன் நியாயம்.

சந்தையிலிருந்து வந்தவள் சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்தாள். கொடுவாளை எடுத்துப் போய் வண்டிக் கதவில் ஒரு போடு போட்டாள். முன்கண்ணாடியில் ஒன்று. தடுக்க வந்தவன் தோளில் ஒன்று. அவனும் சும்மா விடவில்லை. ஜாக்கிக் கம்பியை எடுத்து அவள் முதுகில் சாத்தினான். அவன் பெண்டாட்டி கவிதா குறுக்கே விழுந்து இரண்டு பேர் காலையும் கட்டிக்கொண்டிருக்காவிட்டால் அன்றைக்கே அந்த வாசலில் பிணம் விழுந்திருக்கும்.

அதோடு போயிருந்தால் அது வெறும் பங்காளிச் சண்டை. அடுத்த அமாவாசைக்குப் பாவாயி ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு பெரியசாமி மலை ஏறினாள். சாமிக்கு முன்னால் நட்டிருக்கும் வேலில் அதை உயிரோடு குத்தினாள்.

"எம் மரத்த வெட்டுன கை, அந்த வண்டிய ஓட்டுற கை, வெளங்காமப் போவணும் சாமி" என்றாள். சேவல் அடித்து அடங்குகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. நிறைவாகத்தான் இருந்தது.

கோழி குத்திவிட்டால் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்ப் புழக்கம் அற்றுப்போகும். குத்தியவர் கொடுத்து, குத்தப்பட்டவர் ஒரு வாய் குடித்துவிட்டாலும் போதும், சாபம் திரும்பி வந்து குத்தியவர் வீட்டுப் பிள்ளையைப் பிடிக்கும். அவிழ்க்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் சேர்ந்து மலையேறி, அதே வேலின் முன்னால் நின்று, 'சாபத்தை விட்டேன்' என்று சொல்ல வேண்டும். யார் முதலில் கூப்பிடுவது? அண்ணன் பெண்டாட்டியை வாய் நிறைய 'நங்கை' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அதன் பிறகு கூப்பிடவே இல்லை. அவளும் அந்த வண்டி தாண்டும்போதெல்லாம் காறித் துப்பினாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சித்திரை மாதத்துக் காலையில் பொலிரோ வந்து அவள் வாசல் எல்லையில் நின்று, ஓயாமல் ஹாரன் அடித்தது. பாவாயி கொடுவாளோடு வெளியே வந்தாள். மாதேஸ்வரன் இறங்காமல், அவள் முகத்தையும் பார்க்காமல், ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னான்.

"உங்கூட்ல சிக்னல் இல்லீன்னு சதீசு எனக்குப் போன் பண்ணான். போர் போடற எடத்துல கம்பி நழுவி உள்ளூர்ப் பையன் ஒருத்தன் மேல உழுந்திருச்சு. ஆளு போயிட்டான். ரிக் லீவரப் புடிச்சிருந்தவன் நம்ம பையன். மொதலாளி ரிக்க எடுத்துக்கிட்டு ஓடிட்டான். இவனக் கட்டிப் போட்டு அடிக்கறாங்களாம். அவங்கதான் போனக் குடுத்துப் பேசச் சொன்னாங்களாம். வண்டியில ஏறு."

சதீஷ்குமார் பாவாயிக்கு ஒரே பிள்ளை. போகாதே என்று அவள் சொன்னதற்காகவே ரிக்கில் ஏறி மத்தியப் பிரதேசத்துக்குப் போனவன். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

"உசுரோட இருக்கறானா?" என்று மட்டும் கேட்டாள்.

"பேசுனான்."

அவள் ஏறினாள். கொடுவாளையும் எடுத்துக்கொண்டுதான் ஏறினாள். அவள் பிளந்த கதவு இன்னும் சரியாகச் சாத்தவில்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டியிருந்தது.

வண்டி எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கியது. ஒரு திருப்பத்தில் பெரியசாமி மலை தெரிந்தது. போய் வர அரை நாள் ஆகும். அரை நாளில் அங்கே பையன் என்ன ஆவானோ! அவிழ்த்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். சொல்வதற்கு இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. மலை பின்னால் போய்விட்டது.

வண்டியில் இரண்டு தண்ணீர்க் கேன். முன்னால் இருப்பது அவனுடையது, பின்சீட்டில் அவள் காலுக்கு இடையில் இருப்பது அவளுடையது. பெங்களூருக்கு அப்பால் ஒரு கடையில் அவன் இறங்கிச் சாப்பிட்டான். அவள் வண்டிக்குள் உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றாள். நடுவில் அவன் யார் யாருக்கோ போன் பேசினான். அந்தப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் அப்படி ஒன்றும் புகார் இல்லை என்றார்கள். முதலாளியின் போன் அணைந்தே கிடந்தது.

ஹைதராபாத் தாண்டி ஒரு லாரிக்காரன் வண்டியின் பக்கவாட்டை உரசிவிட்டுப் போனான். மாதேஸ்வரனுக்கு எங்கிருந்து வந்ததோ வெறி. துரத்திப் போய் லாரிக்கு முன்னால் வண்டியைக் குறுக்கே போட்டு, டிரைவரைக் கீழே இழுத்து மூக்கில் குத்தினான். ரத்தம் வந்தது. லாரிக்காரன் ஸ்பேனரை ஓங்கினான். அதற்குள் பாவாயி இறங்கி ஓடிவந்து, மாதேஸ்வரன் கன்னத்தில் ஒன்று விட்டாள். லாரிக்காரனுக்கே திகைப்பாகிவிட்டது.

"அங்க எம் பையன் சாவறான். நீ நடுரோட்டுல பவுசு காட்டறியா? ஏறுடா!"

வண்டியில் ஏறிய பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே ஏறினான். அதற்கப்புறம் வண்டி எங்கும் நிற்கவில்லை. தூக்கத்தில் அவன் தலை சாய்ந்தபோதெல்லாம் பின்னாலிருந்து செருப்பால் பிடரியில் ஒன்று விழும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டுவான். இது என்ன உறவு என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

நாக்பூரும் ஜபல்பூரும் தாண்டி, அந்த ஊருக்குப் போய்ச் சேரும்போது மறுநாள் வெயில் ஏறியிருந்தது. ஓட்டு வீடுகள், இலுப்பை மரங்கள், நடுவில் பாதி தோண்டி விட்டுப்போன குழி. மாதேஸ்வரன் தன் லாரிக்கார இந்தியில் செத்தவனின் அப்பாவிடம் கும்பிட்டுப் பேசினான். அந்த ஆள் தரையைப் பார்த்தபடி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான்: முதலாளி வரட்டும், அதுவரை இவன் இங்கேதான். அவனுடைய இளைய மகன் இரும்புக் கம்பியோடு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். முதலாளி வர மாட்டான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பாவாயிக்குப் பாஷை புரியவில்லை. வாசற்படியில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளையைத்தான் பார்த்தாள். பெற்றவள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் பாவாயியை ஏறிட்டுப் பார்த்தாள். யாருக்கும் தலை குனியாத பாவாயி அங்கே குனிந்தாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் கட்டிப் போட்டதோடு விட்டிருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது மாட்டுக் கொட்டகையிலிருந்து "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. அதற்கப்புறம் அவளுக்கு நியாயம் அநியாயம் ஒன்றும் தெரியவில்லை.

சேலைக்குள்ளிருந்து கொடுவாளை உருவிக்கொண்டு கொட்டகைக்குள் பாய்ந்தாள். சதீஷ்குமார் கம்பத்தோடு கட்டிக் கிடந்தான். முகம் வீங்கி, ஒரு கால் திரும்பிக் கிடந்தது. இரண்டு வெட்டில் கயிறு அறுந்தது. நிமிர்வதற்குள் கம்பி அவள் வலது தோளுக்குக் கீழே இறங்கியது. கொடுவாள் தெறித்துப் போய் விழுந்தது. அடுத்த வீச்சு பையனின் தலையைப் பார்த்து வந்தது. அது தலையில் விழவில்லை. நடுவில் ஒரு கை வந்தது. எலும்பு முறிந்த சத்தம் பாவாயிக்குக் கேட்டது.

மாதேஸ்வரனின் வலது கை.

அவன் அலறவில்லை. குனிந்து, இடது தோளில் பையனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். பாவாயி இடது கையால் சாணியும் மண்ணும் அள்ளிக் கம்பிக்காரன் கண்ணில் வீசிவிட்டுப் பின்னால் ஓடினாள். கல் பறந்து வந்தது. பின்கண்ணாடி உடைந்து பையன் மேல் கொட்டியது. ஒரு கல் முன்சீட்டில் இருந்த கேனைப் பிளந்தது. மாதேஸ்வரன் இடது கையால் கியர் போடும்போது முழங்காலால் ஸ்டீயரிங்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். பின்னால் பைக்குகள் கிளம்பும் சத்தம் கேட்டது.

காட்டுப்பாதைகளில் திருப்பித் திருப்பி அவன் எவ்வளவு தூரம் ஓட்டினானோ தெரியாது. பைக் சத்தம் ஒரு வறண்ட ஓடைக்கு அந்தப்புறமாகத் தேய்ந்தது, ஆனால் நிற்கவில்லை. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஒரு மரத்தடியில் பிரேக் போட்டு அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்தான். உதடு வெளுத்துப்போயிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வெளியே தெரிய, சட்டை தொடைவரை ரத்தத்தில் ஊறியிருந்தது.

"கண்ணு இருட்டுது" என்றான்.

அவன் மயங்கினால் அந்த வண்டியை எடுக்க வேறு ஆள் இல்லை. பைக்குகள் வந்துவிட்டால் மூன்று பேரும் அங்கேயே முடிந்தார்கள். அவன் கேனில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாவாயி தன் கேனைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

"குடி."

அவன் கேனைப் பார்த்தான். வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"குடிடா மாதேசு!"

"வேண்டாம். பையன் பின்னால கெடக்கறான். நாங் குடிச்சா அவனப் புடிக்கும். எங்கண்ணம் பேரு சொல்ல இருக்கறது அவன் ஒருத்தன்தான். மூடி வெய்யி."

பாவாயி அவன் கையைப் பார்த்தாள். எந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று சேவல் துடிக்கத் துடிக்கக் கேட்டாளோ அந்தக் கை அவள் கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. சாமி கொடுத்துவிட்டது. கேட்டபடியே கொடுத்தது, அவள் பிள்ளையின் தலைக்குக் குறுக்கே வைத்துக் கொடுத்தது. பலாமரமாம், மிளகுக்கொடியாம்! தன்னைத்தானே அடித்துக்கொள்ள வேண்டும்போல வெறி வந்தது அவளுக்கு.

"பெரியசாமி" என்று அந்தக் கண்காணாத காட்டில் நின்று கத்தினாள். "கோழி குத்துனது இந்தக் கை. தண்ணி குடுக்கறதும் இதே கைதான். திரும்பறதுன்னா இந்தக் கையோட நிறுத்திக்க. எம் பையங்கிட்டப் போனீன்னா மலையேறி வந்து உன்ற வேலப் புடுங்கி ஓடையில வீசிப்புடுவேன். ஆமா!"

அப்புறம் மாதேஸ்வரனை ஓங்கி ஒரு அறை விட்டாள். இடது கையால் அவன் தாடையைப் பிடித்துத் திறந்தாள். அடிபட்ட வலது கையால்தான் கேனைத் தூக்கினாள். தோளுக்குக் கீழே உள்ளுக்குள் எலும்பு நெரித்தது, விடவில்லை. அவன் திமிறினான், துப்பினான், புரையேறினான். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் தொண்டை ஏறி இறங்கியது. ஒரு தடவை குடித்த பிறகு கேனில் பாதியைக் காலி செய்துவிட்டுத்தான் நிறுத்தினான்.

"கெட்டுது போ நங்கை" என்றான், மூச்சு வாங்க.

"வண்டிய எடு" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு அவன் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். வாசலிலேயே போலீசும் வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் சதீஷ்குமார் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போய் வருகிறான். மாதேஸ்வரனின் கைக்குத் தகடு வைத்துக் கட்டினார்கள். தன் கையைப் பாவாயி யாரிடமும் காட்டவில்லை. கேட்ட நர்ஸிடம் பையனைக் காட்டினாள், கொழுந்தனைக் காட்டினாள். தன் அடியைச் சொல்லிவிட்டால் சாமி கணக்கை மாற்றிக்கொண்டு பையனிடம் போய்விடுமோ என்ற பயம். பையனுக்குக் காய்ச்சல் விட்டு, மலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ரவிக்கையைத் தளர்த்தி வீக்கத்தைக் கவிதாவிடம் காட்டினாள். எலும்பு அதற்குள் கோணலாகக் கூடிவிட்டிருந்தது.

இரண்டு பேரும் பெரியசாமி மலை ஏறி அவிழ்த்துவிட்டார்கள். பாவாயியின் வலது கை அதன் பிறகும் தோளுக்கு மேலே எழும்பவில்லை, ஒரு சொம்பைக்கூடப் பிடிக்கவில்லை. ஊரில் சாபம் திரும்பிவிட்டது என்கிறார்கள். டாக்டர் உடனே கட்டுப் போடாததால் வந்த வினை என்கிறார். பாவாயி ஊர் பக்கம். தான் சொன்ன பேச்சைச் சாமி கேட்டது, பையனைத் தொடவில்லை என்று சந்தைக்கே கேட்கும்படி சொல்லுவாள்.

போன வெள்ளிக்கிழமை மாதேஸ்வரன் வெயிலில் சவாரி முடித்து வந்து, அவள் வாசலில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கேட்டான். பாவாயி சொம்போடு வந்து, எல்லையில் தயங்கி நின்றாள். மலையில் யாரும் இடது கையால் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வாங்கவும் மாட்டார்கள்.

"அந்தக் கை வரமாட்டேங்குது மாதேசு. சொம்பக் கீழ வெக்கறேன், எடுத்துக் குடி."

அவன் இறங்கி வந்தான். குனிந்து, தகடு வைத்த கையையும் மற்றதையும் சேர்த்து ஏந்தினான்.

"ஊத்து நங்கை."

அவள் இடது கையால் ஊற்றினாள். அவன் ஒரு சொட்டு விடாமல் குடித்தான். முடித்ததும் சொம்பின் அடியால் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

"குடிச்சாச்சில்ல, வண்டியப் பின்னால எடு. புதுசா வெச்ச பலாக்கன்னு மேல ஏத்தி வெச்சிருக்க."